குளத்துக்குக் கீற்றுப் பந்தல்

மே 4, திங்கள்

கத்திரி தொடக்கம். காலை ஏழு மணிக்கே பாத்ரூம் குழாயில் வெந்நீர், ஹீட்டர் போடாமலே. இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. வாங்க வேண்டியவை: பால், மோர் மிளகாய், டார்ச்சுக்கு செல்.

நீச்சல் குளத்துத் தண்ணீர் 34. மீன்தொட்டித் தெர்மாமீட்டரைக் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தேன். பார்த்த பிறகு இறங்கியிருக்கக் கூடாது. இறங்கினேன். கொழுப்பு. குறுக்கே நாலு நடை போவதற்குள் இடது கால் ‘எனக்குத் தெரியாது போ’ என்றுவிட்டது. படிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். குளம் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை ஓடி வந்தான். அவனும் என் வீட்டுக்காரர் இவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். வைத்தார்கள் என்று எழுதும்போதே எரிகிறது. நான் என்ன அரிசி மூட்டையா?

டாக்டர் தினமும் கால் நிலவரம் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதியாயிற்று: மோசம். மற்றதெல்லாம் எனக்காக.

நோய்க்கு எம்.எஸ். என்று இரண்டெழுத்துப் பெயர். நரம்பின் மேலுறை பழுது. உடம்பு சூடேறினால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. இன்சுலேஷன் போன ஒயர் என்று என் வகுப்புப் பசங்களுக்கு என்றால் சொல்லியிருப்பேன். குளிர்ந்த தண்ணீரில் நடப்பதுதான் இப்போதைக்குக் காலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிசியோ போனில்: “தண்ணி முப்பதுக்குக் கீழ இருந்தா நடங்க மேடம். மேல போச்சுன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. ஆனா நடைய விட்டுடாதீங்க, கால் மறந்துடும்.”

நல்லது. தண்ணீருக்கு யார் சொல்வது?

சாயங்காலம் அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர் தாமோதரன் சார் லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். காலையில் நடந்ததைப் பார்த்திருக்கிறார். குளத்தை ஒட்டிய தரைத்தள வீடு அவருடையது, பார்க்காமல் எப்படி. “மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மே, ஜூன் ரெண்டு மாசமும் குளத்த மூடிடலாம். பாசி வேற புடிக்குது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடுவோம்.”

ஜூனில் பள்ளி திறக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பும் லேபும் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அதற்குள் ஏறக் கற்கணும். குளத்தை மூடினால் கால் மூடும்.

ஞாயிறுக்குள் தண்ணீர் முப்பதுக்குக் கீழே. பேனாவால் எழுதிவிட்டேன்.

மே 5, செவ்வாய்

விடிந்தும் 34. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஏன் துளியும் ஆறவில்லை என்று பால்கனியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அட லூசே. நீல ஷீட். தூசி விழாமலிருக்க வாங்கியது, எந்நேரமும் தண்ணீர்மேல் படுத்துக்கிடக்கிறது. வெயிலையும் தடுக்கும் என்று நானும் தலையாட்டியிருந்தேன். சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு ஏன் ஆறவில்லை என்று கேட்கிற கதை. பிசிக்ஸ் டீச்சர்! பசங்க யாருக்கும் தெரியாமலிருக்கணும்.

ஏழுமலையைக் கூப்பிட்டு ஷீட்டைச் சுருட்டி வைக்கச் சொன்னேன். “சுருட்டறேன்க்கா. ஆனா இதெல்லாம் வேலைக்காவாது. நீ கவலப்படாத, நான் ஒரு ஐடியா வெச்சுகினு கீறேன்” என்று மர்மமாகச் சிரித்தான்.

ஐடியா பதினோரு மணிக்கு வந்தது. குட்டி யானை வண்டியில். அவன் மச்சானுக்குக் கோவளத்தில் படகு. மீனுக்குப் போடும் ஐஸ் பார்களைக் கேளம்பாக்கத்தில் ஏற்றி, சாக்கு சுற்றி, உமி போட்டுக் கொண்டுவந்துவிட்டான். நாலு பார். நான் மாடியிலிருந்து “ஏய், ஏய்!” என்று கத்துவதற்குள் தொபீர் தொபீர் என்று உள்ளே.

அபார்ட்மெண்ட் பிள்ளைகள் அத்தனையும் குளத்தில். ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே கும்மாளம். ஏழுமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நின்றான்.

கணக்குப் போட்டேன். இந்தக் குளத்துக்கு நாலு பார் என்பது கால் டிகிரி. அதையும் சாயங்காலத்துக்குள் வெயில் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது. மிச்சம்: ஃபில்டர் முழுக்க உமி, குளம் முழுக்கக் கானாங்கெளுத்தி வாசனை. தாமோதரன் சார் ஜன்னலைத் திறந்து, “இது நீச்சல் குளமா, காசிமேடா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஏழுமலையை நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே, “நேத்து உன்ன தூக்கசொல்ல ஒரு மாரியா ஆயிட்ச்சுக்கா. நீ நடக்கணும்ல?” என்றான்.

அதற்குமேல் எப்படித் திட்டுவது. மோர் கொடுத்து அனுப்பினேன். கோபம் போய் அழுகை வந்தது. ஐந்து நிமிடம் அழுதேன், போதும்.

மே 6, புதன்

33. ஷீட்டை எடுத்ததற்கே ஒரு டிகிரி! ராத்திரி திறந்து கிடந்தால் தண்ணீர் தானே ஆவியாகி, போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறது. மண்பானை செய்வதும் இதைத்தான். அப்படியானால் இன்னும் ஆவியாகணும். தண்ணீரைத் தூக்கிக் காற்றில் எறியணும்.

இவரிடம் படம் போட்டுக் காட்டினேன். ஃபில்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஏற்றி, குழாய் நெடுக ஓட்டை போட்டு, குளத்தின் நீளத்துக்கு ஆள் உயரத்தில் கட்டுவது. இவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த காதல் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான்: ஓட்டை, ஆணி, ஃபியூஸ்.

மூன்று மணிக்குக் கடற்காற்று வந்தது. வந்து என்ன, பிசுபிசுப்பு.

ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டோம். குளத்துக்குள் மழை. பிள்ளைகள் ஹோ என்று கத்தின. மூன்றாவது மாடி ஜெயந்தி துணி எடுக்க ஓடினாள், பழக்கதோஷம்.

தாமோதரன் சார்: “மேடம், மோட்டார் ராத்திரியெல்லாம் ஓடினா நான் எப்படித் தூங்கறது?”

“ஞாயிறு வரைக்கும் சார். அதுக்கப்புறம் மீட்டிங் என்ன சொல்லுதோ.”

“உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.”

“கால்ல இல்லாதது வாய்லயாவது இருக்கட்டும் சார்.”

சிரிக்கவில்லை. ஆனால் மோட்டாரை நிறுத்தவும் இல்லை.

மே 7, வியாழன்

காலை 31.5. துள்ளியிருப்பேன், முடிந்திருந்தால்.

மதியம் மூன்று மணிக்கு 33. நாசமாய்ப் போக. ராத்திரி சம்பாதிப்பதையெல்லாம் பகல் செலவழிக்கிறது. நிழல் வேணும்.

நர்சரிகளில் கட்டும் பச்சை வலைக்குப் போன் போட்டேன். பள்ளிக்கரணைக் கடைக்காரர், “ஆள் வந்து அளவெடுக்க அடுத்த வாரம் ஆகும் மேடம்” என்றார். அடுத்த வாரம் எனக்கு எதற்கு? பூட்டுக்கு நிழலா?

பந்தல்காரர் யோசனை என்னுடையது. சேலையூரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தான். ஸ்கூட்டரில் இவர் பின்னால் உட்கார்ந்து போனேன். உரையாடல்:

“என்னா விசேஷம்மா?”

“விசேஷம் ஒண்ணுமில்ல. தண்ணிக்கு நிழல் வேணும்.”

“தண்ணிப் பந்தலா? கட்சி எதும்மா?”

“கட்சி இல்ல. நீச்சல் குளம்.”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “மேட வேணாமா?” வேண்டாம். “சீரியல் லைட்டு?” வேண்டாம். “வாழ மரம்?” வேண்டாம் ஐயா, கீற்று, கழி, கயிறு, அவ்வளவுதான். துணிப் பந்தல் போட்டுத் தருகிறேன் என்றார். துணிக்கு அடியில் அனல் அடைந்து நிற்கும், தென்னங்கீற்றுதான் வேண்டும் என்று நின்றேன். நின்றேன் என்றால் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டு. அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி தெரிந்தது. “நாளிக்குக் காலைல ஆள் வரும்மா” என்றார்.

தாமோதரன் சாரிடம் சொல்லப் போனது இவர். திரும்பி வந்து, “பீடி, சிகரெட் யாரும் பக்கத்துல வரக்கூடாதாம். ஒரு குப்பை விழுந்தாலும் நாமதான் எடுக்கணுமாம்” என்றார்.

“சரின்னுட்டாரா?”

“ஞாயித்துக்கிழமை எப்படியும் மூடப்போறோம், அதுவரைக்கும் என்ன வேணா பண்ணிக்கோங்கன்னார்.”

பார்ப்போம் சார். பார்ப்போம்.

மே 8, வெள்ளி

காலை 31. கால்: சுமார். கீற்று வந்தது, சவுக்குக் கழி வந்தது, பதினோரு மணிக்குள் பந்தல் நின்றது. பச்சைக் கீற்று வாசனை. உள்ளே போனாலே கண் குளிர்கிறது. பக்கங்கள் நாலும் திறந்து விட்டதால் காற்று தடையில்லை. ஏழுமலை வலைக்கரண்டியோடு நின்று விழுகிற துணுக்குகளை அரித்துக்கொண்டேயிருந்தான்.

பந்தலுக்கு வந்த யாரோ தெரு ஓரம் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வழக்கமாகப் பந்தலோடு வருவதாம். எனக்குத் தெரியாது.

நான்கு மணி. 31.3, பகல் முழுக்க ஏறியது அவ்வளவுதான்! நடக்கக் கூடாது, ஆனால் படியில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சுவர் பக்கம் ஒரு விசும்பல்.

கண்ணைத் திறந்தால் மேரி மிஸ். எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி. பின்னால் பி.டி. மாஸ்டர். மேரி கையில் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை.

மேரி “கர்த்தாவே!” என்று அலறிய அலறலில் ஏழுமலை வலைக்கரண்டியைக் குளத்தில் போட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். என்னைப் பார்க்கவென்றுதான் கிளம்பியிருக்கிறாள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம், “உடம்பு முடியாம இருக்காங்களே ஒரு டீச்சர், அவங்க அபார்ட்மெண்ட் எது?” என்று வழி கேட்டிருக்கிறாள். அவர், “தோ, பந்தல் போட்டுகீறாங்க பாரு, அந்த வூடுதான்” என்றிருக்கிறார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. பந்தல், வெளியே நாற்காலி, பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறாள், அது மாடியில் கிடந்து அடித்திருக்கிறது. திரும்பிப் போய் மாலை வாங்கி, பி.டி. மாஸ்டரையும் வரவழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நின்றிருந்த தாமோதரன் சாரின் கையைப் பிடித்து மாஸ்டர் துக்கம் வேறு விசாரித்தாராம். அவர் குளத்தை மூடுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, “என்ன பண்றது சார், ரெண்டு மாசம்தானே” என்றாராம்!

“மேளம் இல்ல, சங்கு இல்லன்னு பார்த்தேன்டி. அபார்ட்மெண்ட்ல அதெல்லாம் விடமாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் சிரித்துச் சிரித்து இருமினேன். பிறகு அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். எனக்காக ஒருத்தி நிஜமாக அழுததை இருந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்கணும்.

மாலையை என்ன செய்வது? வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, எனக்குப் போடவும் முடியாது. மேரி கையை நீட்டியபடி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏழுமலைதான்: “குடும்மா, மோட்டாருக்குப் போட்டுடறேன். பாவம், ராத்திரியெல்லாம் அதான் பேஜார் பட்டுகினு கீது.” போட்டும் விட்டான். பொட்டு வைத்து, ஆயுத பூஜை மாதிரி.

போகும்போது மேரி சொன்ன விஷயம்: பன்னிரண்டாம் வகுப்பை இந்த வருஷம் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுக்கப் பேச்சாம். எனக்கு ஆபீஸில் நாற்காலி. “தப்பா எடுத்துக்காதே வசந்தி, எல்லாரும் உன் நல்லதுக்குத்தான்...”

எல்லாருக்கும் என் நல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர.

மே 9, சனி

31.5. ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறது!

கரண்ட் போய்விட்டது. நான் தூங்கிப்போன பிறகு போனது விடிகிற சமயம்தான் வந்ததாம். மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும். காற்றும் இல்லை, கீற்று ஒன்றுகூட அசையவில்லை.

காபி குடிக்கும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “ஆபீஸ் வேலைய ஒத்துக்கோயேன். உட்கார்ந்தே பார்க்கிற வேலைதானே.”

ஊரே சொல்லட்டும். இவரா? “அப்ப எதுக்குக் குழாய்ல ஓட்டை போட்டீங்க? என்னை சமாதானம் பண்ணவா? குழந்தைக்குப் பொம்மை வாங்கித் தர மாதிரியா?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. எழுத வேண்டாம். டம்ளரை வேகமாக வைத்ததில் காபி அவர் சட்டையில்.

துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீ படியில விழுந்துடுவியோன்னு பயமா இருக்கு வசு. ஸ்கூல்ல உன்னைத் தூக்க நான் இருக்கமாட்டேன்.”

எனக்கும் அதே பயம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். அதனால் சொல்லவில்லை. மதியம் வரை தோசை மட்டும் நடுவில் போய் வந்தது.

மூன்று மணி வாக்கில் பால்கனியிலிருந்து ஒரு காட்சி. பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு, வாயைத் திறந்துகொண்டு, தாமோதரன் சார் தூக்கம். சட்டை பட்டன் திறந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு. பக்கத்தில் நாலு பெரியவர்கள் சீட்டு. ஜெயந்தி கீரை ஆய்கிறாள். வீட்டு ஏ.சி.யெல்லாம் சும்மா கிடக்கிறது போலிருக்கிறது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு இவரைக் காணோம். பார்த்தால் கீழே தாமோதரன் சாரோடு நிற்கிறார். ஏழுமலையும் எலெக்ட்ரீஷியனும் மோட்டாரிலிருந்து ஜெனரேட்டர் அறைக்கு ஒயர் இழுக்கிறார்கள். மேலே வந்து, “இன்னிக்கு கரண்ட் போனாலும் ஓடும்” என்றார். அவ்வளவுதான். சட்டையில் காபிக் கறை அப்படியே.

“எப்படி ஒத்துக்கிட்டார்?”

“தூங்கி எழுந்த கையோட கேட்டேன்.”

தெற்கத்திக் காற்று லேசாக ஆரம்பித்திருக்கிறது. ஓடு மோட்டாரே.

மே 10, ஞாயிறு

29.6.

இன்னொரு தடவை பார்த்தேன். ஏழுமலையைப் படிக்கச் சொன்னேன். “இருபத்தி ஒம்போது... புள்ளி ஆறுக்கா!” இவரைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “ம்” என்றார்.

இறங்கினேன். தண்ணீர் சுருக்கென்றது. எத்தனை நாளாயிற்று அந்த ‘சுருக்’. குறுக்கே நடந்தேன், பிறகு நீளவாக்கில். மேலே மழை, அதற்கு மேலே கீற்று. இடது கால் இழுத்தது, ஆனால் வந்தது. சொன்ன இடத்துக்கு வந்தது. கம்பியைப் பிடிக்காமல் போய்த் திரும்பினேன். கரையோடு கரையாக இவர் கூடவே நடந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

பத்து மணி மீட்டிங் கிளப் ஹாலில் என்று போட்டிருந்தது. ஒருத்தரும் அங்கே போகவில்லை. எல்லாரும் பந்தலுக்கடியில். தாமோதரன் சார் கொஞ்ச நேரம் ஹாலில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

தண்ணீர் வரி, பார்க்கிங், நாய். பிறகு குளம். “கோடையில் குளத்தை மூடுவது பற்றி” என்று வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரலிலேயே தெம்பில்லை. இருந்தாலும் ‘பி’ பிளாக் கணேசன் கிளம்பினார். “ஒரு ஆளுக்காக மோட்டார், பந்தல், ஜெனரேட்டர். இதெல்லாம் தேவையா? அவங்க ஒடம்புக்கு ஆஸ்பத்திரியில வசதி இருக்குமே.”

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். நேற்று இதே இடத்தில் தூங்கியது யார் என்று பெயர் சொல்லாமல் சொன்னேன். சிரிப்பு. தாமோதரன் சாரும். ஆவியாதல், ஷீட், நிழல், எல்லாம் வகுப்பு எடுத்த மாதிரியே எடுத்தேன். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போனது, எனக்கே கேட்டது. “என்மேல இரக்கப்பட வேண்டாம். ஜூன் மாசம் ரெண்டு மாடி ஏறணும், அதுக்குத் தண்ணி வேணும். அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

மூடவேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஜெயந்தி, சீட்டாட்டக்காரர்கள், பிள்ளைகள் (செல்லாதாம்), ஏழுமலை (அதுவும் செல்லாதாம், இருந்தாலும் இரண்டு கையையும் தூக்கினான்). தாமோதரன் சார் எண்ணி முடித்து, யோசித்து, தன் கையையும் தூக்கினார். கணேசன் செருப்பைத் தேடினார்.

“குளம் திறந்தே இருக்கும். ஷீட் கிடையாது” என்று எழுதிக்கொண்டார்கள்.

எல்லாரும் கலைந்தார்கள். இவர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் தெரிந்தது, பேச எழுந்தவள் இன்னும் உட்காரவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் கழியும் இல்லை, கம்பியும் இல்லை. கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“உட்காரு” என்றார்.

“கொஞ்சம் இருங்க” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்.”